கூட்டத்தில் வாய் திறக்காதவரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். முல்லைத்தீவுப் பக்கம் கள உத்தியோகத்தராகச் சேர்ந்து ஆறு மாதம். மாதர் சங்கக் கூட்டம், கமக்காரர் அமைப்புக் கூட்டம், கடற்தொழிலாளர் சங்கக் கூட்டம் என்று ஓடித் திரிகிறீர்கள். இரவில் இருந்து கொழும்பு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவேண்டும். சனம் கூட்டத்தில் எப்படி நடந்துகொண்டது என்று எழுத உங்களிடம் இருப்பது மூன்றே சொல்: ஆக்டிவ், பாசிவ், கோஆப்பரேட்டிவ். மேலிடம் அதை வெட்டித் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஒரு சொற்பட்டியல் வேண்டும்.

பட்டியல் தரலாம், ஐம்பது சொல்லுக்கு மேல் வரும். ஆனால் நான் இருபத்திரண்டு வருடம் கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பித்தவன். அதன் பிறகு கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளனாக அலைந்தவன். ஒரே ஒரு சொல்லால் ஒரு கிராமத்துக்கு வீண் அலைச்சல் கொடுத்தவன். அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் தந்தால் அது நேர்மையில்லை.

மீள்குடியேற்றம் முடிந்த புதிது. குளத்துக்குக் கீழே ஒரு கிராமம். தகரக் கொட்டகையில் கூட்டம். நாற்பது பெண்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்கள். ஆண்களும் உத்தியோகத்தர்களும் முன்னுக்குக் கதிரையில், பெண்கள் பின்னால் பாயில். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பெண்கூட வாய் திறக்கவில்லை. நான் அறிக்கையில் ‘த விமன் வேர் பாசிவ்’ (பெண்கள் எதிலும் ஈடுபடாமல் சும்மா இருந்தார்கள்) என்று எழுதிவிட்டேன். எழுதும்போது அது சரியான சொல்லாகத்தான் பட்டது. ஆறு மாதம் கழித்து, அந்தக் கூட்டத்தை வைத்த நிறுவனம் அதே பெண்களுக்கு மூன்று நாள் ‘தலைமைத்துவப் பயிற்சி’ வைத்தது. பெரிய தாள், கலர் பேனை, மத்தியானச் சாப்பாடு எல்லாம் இருந்தது. அது அருவி வெட்டு, அதாவது நெல் அறுக்கிற நேரம். மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வந்து இருந்தார்கள். பயிற்சியின் இரண்டாம் நாள் தேத்தண்ணி நேரத்தில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: “சேர், எங்களுக்கு வாய் இருக்கு. அண்டைக்கு வீட்டுத்திட்டப் பட்டியல் போடுற ஆள் முன்னுக்கு இருந்தவர். அவருக்கு முன்னால என்னத்தைக் கதைக்கிறது?”

அவர்கள் செய்தது கணக்குப் பார்த்த மௌனம். அதற்கு ஆங்கிலத்தில் நல்ல சொல் இருக்கிறது: கார்டட். காவல் வைத்த பேச்சு. எதைச் சொன்னால் எது திரும்பி வரும் என்று தெரிந்து அளந்து பேசுவது, அல்லது பேசாமலே விடுவது. நான் ‘கார்டட்’ என்று எழுதியிருந்தால், வாசித்தவர் ‘யாரிடமிருந்து காவல்?’ என்று கேட்டிருப்பார். ‘பாசிவ்’ என்றதும் அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை, பயிற்சி கொடுப்பதுதான் வேலை.

ஆகவே மௌனத்திலிருந்தே தொடங்குவோம். வன்னிக் கூட்டங்களில் மிஞ்சுவது அதுதான்.

இயல்பிலேயே அதிகம் கதைக்காதவர் ரிசர்வ்ட். அதில் குற்றமில்லை, கொஞ்சம் மரியாதைகூட உண்டு. ரெட்டிசென்ட் என்பது அதற்குப் பக்கத்து வீடு. ஆனால் அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட விடயத்தைப் பற்றிச் சொல்ல மனமில்லாமையைச் சொல்லும். ஒருவர் பயிர் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார், காணாமல் போன மகனைப் பற்றிக் கேட்டால் ரெட்டிசென்ட் ஆகிவிடுவார். டாசிட்டேர்ன் என்றால் வாயில் பூட்டு; சிடுமூஞ்சி என்ற மணமும் அதில் அடிக்கும், கவனம். பெரியவர் இருக்கிற இடத்தில் மரியாதைக்காக அடங்கியிருப்பது டெஃபரென்ஷியல். பயத்தில் அடங்கியிருப்பது இன்டிமிடேட்டட். இந்த இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும்: குனிந்த தலை, மடியில் கை. வித்தியாசம் அந்தப் பெரியவர் எழும்பிப் போன பிறகுதான் தெரியும். மரியாதைக்காக அடங்கியவர் அப்போதும் அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லுவார்.

ரிசைன்ட் என்றால் ‘எங்கட சொல்லுக்கு இஞ்ச எங்க மதிப்பு’ என்று விட்டுவிட்டவர். அவர் மௌனத்தில் கசப்பு இருக்கும். டிஸ்என்கேஜ்ட் என்றால் உடம்பு இங்கே, மனம் வீட்டு அடுப்பில். அறிக்கைகளில் அடிக்கடி வரும் ‘அப்பதெட்டிக்’ என்ற சொல்லை என்னைக் கேட்டால் தொடவே வேண்டாம். அக்கறையே இல்லாத சனம் என்று பொருள். அக்கறை இல்லாதவர் இரண்டு கட்டை தூரம் வெயிலில் நடந்து கூட்டத்துக்கு வரமாட்டார்.

நான் ஏன் இதை இவ்வளவு இழுக்கிறேன் என்றால், அதே சனத்தை வேறொரு இடத்தில் வைத்துப் பாருங்கள். இரணைமடுக் குளத்துச் சிறுபோகக் கூட்டம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், அதற்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு. காலபோகம் மழையோடு போய்விடும், சிறுபோகத்துக்கு எல்லாக் காணிக்கும் தண்ணீர் காணாது. நிறுவனக் கூட்டத்தில் ஊமையாய் இருந்த அதே மனுசன் அங்கே எழும்பி நின்று பொறியியலாளரோடு கணக்குப் பேசுவார். ஆங்கிலத்தில் அவர் வோக்கல் (வாய்விட்டுப் பேசுபவர்), ஃபோர்த்ரைட் (ஒளிக்காமல் நேரே சொல்பவர்), சில நேரம் கன்டென்ஷியஸ் (வாதுக்கு நிற்பவர்). காலையில் பாசிவ், பின்னேரம் கன்டென்ஷியஸ் என்றால் இரண்டும் அவருடைய குணம் இல்லை. கூட்டத்தின் குணம்.

இதில் ஆங்கில இலக்கணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ‘தே வேர் பாசிவ்’ என்று எழுதினால் அது உயரம், நிறம் மாதிரி ஆளோடு ஒட்டிவிடும். ‘தே ஸ்டேய்ட் குவயட் வென்…’ என்று எழுதினால் அந்த ‘வென்’னுக்குப் பின்னால் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். உங்களைச் சொல்ல வைக்கும் வசனம்தான் நல்ல வசனம்.

அடுத்தது யார் யாருக்கு மேல் என்ற விடயம். இதற்கு ஆங்கிலத்தில் ‘பெக்கிங் ஓர்டர்’ என்பார்கள். கொத்தல் வரிசை. ஷெல்டெரப்-எபே என்ற நோர்வேக்காரர் சிறு வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதைக் கொத்தக்கூடாது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது என்று 1921இல் எழுதினார். வளவில் கோழி வளர்க்கிற எங்கள் அம்மாக்களுக்கு இது புதினமில்லை. கூட்டத்தில் அந்த வரிசையைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. தேத்தண்ணித் தட்டைப் பாருங்கள். பீங்கான் கோப்பையும் தட்டும் முதல் யாருக்குப் போகிறது, பிளாஸ்டிக் கப் எந்த வரிசையில் தொடங்குகிறது, பிஸ்கட் எந்த வரிசையோடு முடிகிறது. ஆனால் அறிக்கையில் ‘பெக்கிங் ஓர்டர்’ என்று எழுதாதீர்கள், அது கொஞ்சம் நக்கலான பேச்சுவழக்கு. ‘ஹையராக்கி’ போதும். அதைவிட, பிஸ்கட் எங்கே முடிந்தது என்று எழுதினால் இன்னும் திறம்.

சரி, இனி முடிவெடுக்கிற கட்டம். எங்கள் கூட்டறிக்கைக் கொப்பிகள் எல்லாவற்றிலும் ஒரு சொல் தவறாமல் இருக்கும்: ஏகமனதாக. ஆங்கிலத்தில் யுனானிமஸ்லி. இரண்டு சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை. லத்தீனில் ஊனுஸ் என்றால் ஒன்று, அனிமுஸ் என்றால் மனது. ஆனால் ‘எல்லாருக்கும் சம்மதம் தானே?’ என்று விதானையார் (கிராம அலுவலர்) கேட்டு, முன்வரிசையில் நாலு கை எழும்பி, அதைப் பார்த்துப் பின்வரிசையில் கை எழும்புவதை யுனானிமஸ் என்று எழுதலாமா? கணக்குக்கு எழுதலாம். நடந்ததைச் சொல்ல வேறு சொல் வேண்டும்.

கன்சென்சஸ் என்றால் பேசிப் பேசி ஒரு இடத்துக்கு வந்தது. எல்லாருக்கும் முழு விருப்பமில்லை, ஆனால் எல்லாரும் அதோடு இருக்கத் தயார். அக்ரீ என்பது மனதார உடன்படுதல். கம்ப்ளை என்பது சொன்னதைச் செய்தல், மனதைப் பற்றி அதில் பேச்சில்லை. கன்ஃபோர்ம் என்பது மற்றவர் மாதிரி நடத்தல். ஆக்வியெஸ் என்பதுதான் எங்களுக்கு அதிகம் உதவும் சொல். மறுப்புச் சொல்லாமல் விட்டுவிடுதல். அதன் வேரும் ‘அமைதியாக இரு’ என்பதுதான். மௌனம் சம்மதம் என்று நாங்கள் சொல்லுகிறோமே, அதில் உண்மையில் எவ்வளவு சம்மதம் என்ற சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. ‘த மெம்பர்ஸ் ஆக்வியெஸ்ட்’ என்று எழுதினால், உங்கள் மேலதிகாரிக்கு ஆங்கிலம் சரியாகத் தெரிந்திருந்தால் ஒரு கணம் நிற்பார்.

கை எழும்புகிற விடயத்தை 1951இல் சொலமன் ஆஷ் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்திலுள்ள மூன்று கோட்டில் எது அதே நீளம் என்று கேட்பது. சின்னப்பிள்ளையும் சொல்லும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷின் ஆட்கள், வேண்டுமென்றே பிழையான கோட்டைச் சொன்னார்கள். கடைசிக்கு முந்திய ஆளாகச் சொல்லவேண்டிய அந்த அப்பாவி, மூன்றில் ஒரு தடவை அளவில் தன் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. ஆஷின் ஆட்களில் ஒரே ஒருவர் மாறிச் சரியானதைச் சொன்னால் போதும், அப்பாவியும் பெரும்பாலும் தன் கண்ணை நம்பிவிடுவார். ஆக, உங்கள் கூட்டத்தில் ஒருத்தி முதலில் ‘எனக்கு அது சரியாப் படேல்லை’ என்று சொன்னால் அவள் பெயருக்கு நேரே என்ன எழுதுகிறீர்கள் என்பது பெரிய விடயம். ‘அன்கோஆப்பரேட்டிவ்’ என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் அந்த ஒருத்தியும் இருக்கமாட்டாள். டிசென்டிங் வொய்ஸ், மாற்றுக் குரல், என்று எழுதுங்கள். ‘ஷி டிசென்டட்’. அது கௌரவமான சொல், நீதிமன்றத் தீர்ப்புகளில்கூட வரும்.

‘குரூப்திங்க்’ என்ற சொல்லை இப்போது எல்லாரும் எறிகிறார்கள். 1952இல் வில்லியம் வைட் என்பவர் ஒரு சஞ்சிகையில் எழுதியது. பிறகு 1972இல் இர்விங் ஜேனிஸ் அதை எடுத்து, 1961இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா பட்ட தோல்வி போன்ற முடிவுகளை விளக்கப் பாவித்தார். அதாவது அதிகாரமும் படிப்பும் உள்ள, ஒருவரோடு ஒருவர் நெருக்கமான சிறு குழு, தங்கள் ஒற்றுமை கெடக்கூடாது என்று சந்தேகங்களை விழுங்கிவிட்டுப் பெரிய முட்டாள்தனம் செய்வது. மாதர் சங்கத்தில் எல்லாரும் தையல் மெசின் கேட்டால் அது குரூப்திங்க் இல்லை. அந்த மெசின்களை யாருக்கு விற்பது என்று ஒருவரும் கேட்காமல் திட்டத்தை எழுதிய அலுவலகத்துக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்.

இதே போல ‘ஹேர்ட் மென்டாலிட்டி’. மந்தைப் புத்தி. ஒருமுறை வெளியிலிருந்து வந்த ஒருவர், யுத்தக் கடைசியில் சனம் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர் ஊராய் நகர்ந்ததை இந்தச் சொல்லால் சொன்னார். நான் மொழிபெயர்க்காமல் பேசாமல் இருந்துவிட்டேன். (அதுவும் ஒரு மௌனம்தான், எந்த வகை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.) ‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்ற பழமொழி எங்கள் ஆட்களுக்குப் பழமொழி இல்லை, பாதைக் குறிப்பு. வானொலியும் போனும் இல்லாத இடத்தில், பக்கத்து வளவுக்காரன் உழவு இயந்திரப் பெட்டியில் தகரம் ஏற்றுகிறான் என்பதுதான் செய்தி. மற்றவர் செய்வதைத் தகவலாக எடுத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் ‘சோஷல் புரூஃப்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது யாரையும் ஆடு மாடு ஆக்காது. அதையும் பாவிக்க விருப்பமில்லையா, ‘தே மூவ்ட் டுகெதர்’ போதும்.

கூட்டத்தைச் சொல்லும் சொற்களிலும் இப்படி ஏற்ற இறக்கம் உண்டு. க்ரவுட் நடுநிலை. கேதரிங் நல்ல சொல். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும் சனத்துக்கு க்ரவுடும் பொருந்தும், கேதரிங்கும் பொருந்தும். மொப் என்றால் வெறி பிடித்த கும்பல். அது ‘மோபிலே வுல்குஸ்’ என்ற லத்தீன் தொடரின் தலையை மட்டும் வெட்டியெடுத்த சொல், நிலையில்லாத பாமரர் என்று பொருள். மேல்தட்டு கீழே பார்த்துச் சொன்னது. கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் காணி கேட்டு நிற்பவர்களை மொப் என்று எழுதும் பத்திரிகையை நான் வாசித்திருக்கிறேன். அவர்கள் புரொட்டெஸ்டர்ஸ்.

இனிக் கடற்கரைக்குப் போவோம், உங்களுக்கு அது கிட்ட. கரைவலை இழுக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கயிறு, ஒவ்வொரு பக்கமும் பதினைந்து இருபது பேர், முழங்கால் மடித்துப் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். முன்னுக்கு நிற்பவன் உண்மையாக இழுக்கிறானா, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா சாய்கிறானா என்று பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது. இது பகிடிக்குச் சொல்லவில்லை. மக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் இதையேதான் அளந்தார்: கயிறு இழுக்க வைத்து. 1880களில் செய்து 1913இல் வெளியிட்டார். தனியே இழுக்கும்போது ஒருவன் நூறு பங்கு பலம் போட்டால், எட்டுப் பேராய் இழுக்கும்போது ஆளுக்கு ஐம்பது பங்குகூட வரவில்லை. 1979இல் அமெரிக்காவில் லட்டானே என்பவரும் கூட்டாளிகளும் கைதட்டவும் கத்தவும் வைத்து அதையே திரும்பச் செய்து ‘சோஷல் லோஃபிங்’ என்று பெயர் வைத்தார்கள். கூட்டத்துக்குள் ஒளிந்து சோம்பல்.

இதில் இரண்டு காரணம் கலந்திருக்கிறது. ஒன்று, மனம் விட்டுவிடுவது. மற்றது, எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காமல் பலம் சிதறுவது. இரண்டாவதற்குத்தான் எங்கள் ஆட்கள் அம்பா பாடினார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடி, அந்த அடியில் கயிறு வரும். பாடாதவன் யார் என்று தெரிந்துவிடும் என்பதால் முதலாவதற்கும் அது மருந்துதான். பிறகு பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள், அங்கே அம்பாவுக்கு வேலையில்லாமல் போனது.

லோஃபிங், ஃப்ரீ ரைடிங், ஷேர்க்கிங் மூன்றையும் குழப்பாதீர்கள். லோஃபிங் தன்னை அறியாமலும் நடக்கும். ஃப்ரீ ரைடர் கணக்குத் தெரிந்தவன். வாய்க்கால் துப்பரவுச் சிரமதானத்துக்கு வரமாட்டான், தண்ணீர் வரும்போது மண்வெட்டியோடு முதல் ஆளாய் நிற்பான். ஷேர்க் பண்ணுவது என்றால் தனக்கென்று ஒப்படைத்த வேலையிலிருந்து நழுவுவது. சிரமதானத்துக்கு வராத எல்லாரும் ஃப்ரீ ரைடர் என்று எழுதுவதற்கு முதல், அன்று அவர்களுக்குக் கூலி வேலை இருந்ததா என்று பாருங்கள். நாட்கூலிக்காரனுக்குச் சிரமதானம் இலவசமில்லை.

‘பியர் பிரஷர்’ என்பதைப் பெடியள் சிகரெட் பழகுவதற்கு மட்டும் சொல்வதாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வன்னியில் அதை நான் கண்ணால் கண்டது நுண்கடன் குழுக்களில். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி கிழமைக் காசு கட்டாவிட்டால் மற்ற நால்வரும் அவள் வளவுக்குப் போய் இருப்பார்கள். வசூலிக்க வந்தவர் ஒரு சத்தமும் போடத் தேவையில்லை, மோட்டார்சைக்கிளில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். திட்ட ஆவணங்களில் இந்த ஐவருக்குப் பெயர் ‘சொலிடாரிட்டி குரூப்’. சொலிடாரிட்டி என்பது தோளோடு தோள் நிற்பது. நடப்பதற்குச் சரியான சொல் ‘ஜொயின்ட் லயபிலிட்டி’, கூட்டுப் பொறுப்பு. ஆங்கிலச் சொல் அழகாக இருந்தால் அதற்குள் யார் நின்று அழுகிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பது என் பழக்கம்.

அதன் அடுத்த கட்டம் ஒதுக்கி வைத்தல். நல்லது கெட்டதுக்குச் சொல்லாமல் விடுவது, செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவது. ஊரே சேர்ந்து செய்தால் ஒஸ்ட்ரசைஸ். பழைய ஏதென்ஸ் நகரில் ஒரு ஆளைப் பத்து வருடம் நாடு கடத்த, உடைந்த மட்பாண்ட ஓட்டில் பெயரைக் கீறி வாக்குப் போட்டார்கள். அந்த ஓட்டின் பெயர்தான் ஒஸ்ட்ரகொன். ஒவ்வொருவரும் தன்பாட்டில் விலகிப் போனால் ஷன். ஒரு கோரிக்கைக்காகத் திட்டம் போட்டுச் செய்தால் பொய்கொட், எங்கள் பகிஷ்கரிப்பு. அது ஒரு மனிதரின் பெயர்: கப்டன் பொய்கொட், அயர்லாந்தில் ஒரு பிரபுவின் காணிகளைப் பார்த்த முகவர். 1880இல் குத்தகைப் பிரச்சினையில் ஊரே அவருக்கு வேலை செய்வதையும் சாமான் விற்பதையும் நிறுத்தியது. அதே வருடத்திலேயே பெயர் வினைச்சொல் ஆகிவிட்டது.

ஸ்கேப்கோட்டைப் பலிக்கடா என்று மொழிபெயர்ப்போம். அதில் ஒரு சின்ன வேடிக்கை. விவிலியத்தில் இரண்டு கடா வரும். ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் ஊரின் பாவத்தையெல்லாம் ஏற்றி வனாந்தரத்துக்குத் துரத்திவிடுவார்கள். 1530இல் வில்லியம் டின்டேல் ஆங்கிலத்தில் ஸ்கேப்கோட் என்று எழுதியது தப்பிப் போன அந்த இரண்டாவது கடாவை. நாங்கள் சொல்வது வெட்டுப்பட்ட முதலாவதை. சங்கக் காசு குறைந்ததற்குப் பொருளாளரைப் பழி சொல்லி விலக்கினால் அவர் ஆங்கிலக் கடா, ஊரை விட்டே போகவேண்டியதுதான்.

அதிகம் கதைப்பவர்களுக்கு வருவோம். டொமினேட் என்பது வினை: அன்றைய பேச்சின் பெரும் பகுதியை அவர் எடுத்துக்கொண்டார். டொமினீரிங் என்பது குணம்: அடக்கி ஆள்பவர். முதலாவதை எழுதுங்கள், இரண்டாவதை எழுதாதீர்கள். அசெர்ட்டிவ் என்றால் தன் கருத்தை உறுதியாக, மற்றவரை மிதிக்காமல் சொல்வது. அக்ரெசிவ் என்றால் மிதித்துச் சொல்வது. ஆண் சொன்னால் அசெர்ட்டிவ், அதையே பெண் சொன்னால் பொஸி, புஷி என்று எழுதும் பழக்கம் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எங்களிடம் ‘வாய்க்காரி’ இருக்கிறதே, அது மாதிரி. அவுட்ஸ்போக்கன் (மனதில் பட்டதை மறைக்காமல் சொல்பவர்) பாதி பாராட்டு, பாதி எச்சரிக்கை.

எதற்கும் மறுபக்கம் கேட்பவரை ‘டெவில்ஸ் அட்வகேட்’ என்பார்கள். நாங்கள் குதர்க்கம் என்று முடித்துவிடுவோம். ஆனால் அது கத்தோலிக்கத் திருச்சபையில் உண்மையாகவே இருந்த பதவி. ஒருவரைப் புனிதராக்க முதல், வேண்டாம் என்று வாதாட ஒரு ஆள். 1983இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் அந்த முறையை மாற்றினார். ஆகவே 2015 ஜனவரி 14 காலை கொழும்பில் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்துவிட்டுப் பாப்பரசர் பிரான்சிஸ் அன்று பின்னேரம் மடுவுக்கு வந்து இறங்கியபோது, அந்தப் பழைய சாத்தானின் வழக்கறிஞருக்கு வேலை இருக்கவில்லை. உங்கள் கூட்டங்களில் அந்த வேலைக்கு ஒருவரை வைத்துக்கொண்டால் நல்லது.

சிறு குழுக்களுக்கு: கிளீக் என்றால் மற்றவரை உள்ளே விடாத கூட்டாளிக் கூட்டம், குறை சொல்லும் சொல். ஃபக்ஷன் என்றால் ஒரு அமைப்புக்குள் நிற்கும் அணி. கேட்கீப்பர் என்றால் தகவலோ உதவியோ அவரைக் கடந்துதான் போகவேண்டும் என்ற ஆள். கேர்ட் லெவின் 1940களில் இதை எழுதியது எந்த உணவு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது என்று ஆராய்ந்தபோது. அவர் சொன்ன கேட்கீப்பர் பெரும்பாலும் வீட்டுப் பெண். எங்கள் பக்கம் அந்தச் சொல் கூட்ட அறிவித்தல் யாருக்குச் சொல்வது, யாருக்கு விடுவது என்று தீர்மானிக்கிறவருக்குப் பொருந்தும்.

ஒரு சொல்லைப் பற்றி எனக்கு நீண்ட நாள் கோபம்: கம்யூனிட்டி. ‘த கம்யூனிட்டி டிசைடட்.’ அந்தக் கம்யூனிட்டியை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தித்தது தலைவரை, செயலாளரை, சங்கக் கடைக்காரரை. ‘இட் வோஸ் டிசைடட்’ இன்னும் மோசம், ஆளே இல்லாமல் முடிவு தானாக முளைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் பாசிவ் வொய்ஸ் என்று படித்தோமே, அதுதான். சனத்தைப் பாசிவ் என்று சொல்லுகிற அறிக்கைகள் முழுக்கப் பாசிவ் வொய்சில் இருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய இரண்டு வசனத்தையும் திருத்தியிருக்கிறேன். ‘பார்ட்டிசிபன்ட்ஸ் வேர் பாசிவ்’ என்பதற்குப் பதில்: ‘முன்வரிசையில் இருந்த ஆறு பேரில் நால்வர் பேசினார்கள், பாயில் இருந்த முப்பத்தொரு பெண்களும் தலைவர் இருக்கும்வரை அமைதியாக இருந்தார்கள், அவர் போன பிறகு மூவர் கிணறு பற்றிக் கேட்டார்கள்.’ எண்ணிக்கை உங்கள் குறிப்பிலேயே இருந்தது, நீங்கள்தான் அதை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். இதை ஆங்கிலத்தில் எழுத ஸ்போக், ஸ்டேய்ட் குவயட், ஆஸ்க்ட் மூன்றும் போதும்.

இரண்டாவது வசனம், ‘சம் லேடீஸ் வேர் நொட் கோஆப்பரேட்டிவ் அன்ட் லெஃப்ட்’. அதை நான் தொடவில்லை. கூட்டம் மூன்றரைக்குப் பிறகும் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?